சுவர்க்கோழியைக் காட்டி நோயாளியை நடிகன் ஆக்காதீர்கள்

அந்த வீடியோவை நேற்றிலிருந்து ஏழெட்டுப் பேர் அனுப்பிவிட்டீர்கள். கியூபாவின் ஹவானாவில் இருந்த அமெரிக்கத் தூதரக ஊழியர்கள், 2016 கடைசியிலிருந்து விநோதச் சத்தம் கேட்டதாகவும் அதன்பின் தலைசுற்றல், தலைவலி வந்ததாகவும் சொன்னார்களே, அதுதான் ஹவானா சிண்ட்ரோம். ‘ஹவானா சிண்ட்ரோம் வெறும் வண்டுச் சத்தம், தூதரக ஆட்களின் நடிப்பு’ என்று வீடியோக்காரர் ஒரே போடாகப் போட்டிருக்கிறார். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜிகள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

யாரோ ரகசிய ஆயுதத்தால் அவர்களைத் தாக்கினார்கள் என்று நானும் நம்பவில்லை. ஆனால் ஆயுதம் இல்லை என்பது வேறு, நோய் இல்லை என்பது வேறு.

முதலில், தூதரக ஊழியர்கள் தாங்கள் கேட்ட சத்தம் என்று பதிந்து கொடுத்த ஒலிப்பதிவு. அது சுவர்க்கோழி இனம், அனுரோகிரில்லஸ் செலெரினிக்டஸ். 2019இல் அலெக்சாண்டர் ஸ்டப்ஸும் இன்னொரு ஆய்வாளரும் ஒப்பிட்டார்கள். வெளியில் பதிவான பூச்சிச் சத்தத்தில் துடிப்புகள் சீராக இருந்தன, தூதரகப் பதிவில் இல்லை. அதே பூச்சிச் சத்தத்தை அறைக்குள் ஸ்பீக்கரில் ஓடவிட்டுப் பதிந்தபோது, சுவர் எதிரொலி கலந்து இரண்டும் பொருந்தின. அழகான வேலை.

ஆனால் அது விளக்குவது அந்தப் பதிவை மட்டும்தான். தலைசுற்றலை அல்ல. நுண்ணலை (மைக்ரோவேவ்) ஆயுதம் என்ற ஊகத்தையும் அதை வைத்து அடிக்க முடியாது. அமெரிக்க விஞ்ஞானி ஆலன் ஃப்ரே 1960களின் தொடக்கத்தில் விவரித்த விளைவு இதுதான்: மைக்ரோவிநாடி அளவிலான நுண்ணலைத் துடிப்பு தலையில் பட்டால் திசு ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் சில பங்கு மட்டும் சூடாகி, விரிந்து, அழுத்த அலையை எழுப்புகிறது. அதை உள்காது ‘டிக்’ என்று கேட்கிறது. சத்தம் பிறப்பதே மண்டைக்குள். போன் மைக்கில் அது எப்படிப் பதிவாகும்? ஊகத்தை மறுக்கச் சரியான இடம் வேறு: இப்படிக் கேட்க வைக்கத் தேவையான ஆற்றல் மூளையைக் காயப்படுத்தும் ஆற்றலைவிட மிகமிகக் குறைவு. காயப்படுத்தும் அளவுக்கு ஏற்றினால் தோல் சுடுவதே முதலில் தெரிந்திருக்கும்.

‘2018இல் பென்சில்வேனியா மருத்துவர்கள் மூளைப் பாதிப்பு என்றார்களே’ என்று எதிர்த்தரப்பு வரும். அங்கேயும் ஓட்டை. அறிவாற்றல் சோதனையில் 40வது சதமானத்துக்குக் கீழே வந்தாலே பாதிப்பு என்று கோடு போட்டார்கள். வழக்கமாக 5வது சதமானம் போன்ற இடத்தில்தான் கோடு இருக்கும். 40 என்றால் ஒவ்வொரு சோதனையிலும் நல்ல உடல்நலம் உள்ளவர்களிலேயே நூற்றுக்கு நாற்பது பேர் விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஆறு சோதனை வைத்தால், ஏதாவது ஒன்றிலாவது விழுபவர்கள் 95 பேர்.

2024இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் பாதிக்கப்பட்ட 81 பேரின் மூளை எம்ஆர்ஐ ஸ்கேனைப் பாதிப்பில்லாத 48 பேரின் ஸ்கேனோடு ஒப்பிட்டது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வீடியோ இங்கேயே நிற்கிறது. உடன் வந்த ஆய்வில் பாதிக்கப்பட்ட 86 பேரில் 24 பேருக்குச் செயல்சார் நரம்பியல் கோளாறு இருந்தது, அதாவது மூளையில் காயம் தெரியாது, அது வேலை செய்யும் விதம்தான் பிசகியிருக்கும். பெரும்பாலும் விடாத தலைசுற்றல் வகை. காது, கண், பாதம் மூன்றும் தரும் செய்தியைச் சேர்த்துத்தான் நாம் நிற்கிறோம். ஒரு அதிர்ச்சிக்குப் பிறகு மூளை கண்ணை மட்டும் அதிகம் நம்பத் தொடங்கினால், கூட்டத்தில், பொருள்கள் நிறைந்த கடை வரிசைகளில் தரை ஆடும். ஸ்கேனில் தெரியாது. சமநிலைப் பயிற்சியாலும் மருந்தாலும் பலருக்குக் குறைகிறது. நடிப்புக்கு எதற்குப் பயிற்சி?

‘2023இல் உளவு அமைப்புகளே கைவிரித்துவிட்டன’ என்பீர்கள். வெளிநாட்டு எதிரி காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றார்கள். பொய் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் இரண்டு அமைப்புகள் அந்தக் கருத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து, வெளிநாட்டுக் கை இருக்க வாய்ப்புண்டு என்ற பக்கம் சாயவும் செய்தன. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை, போகட்டும்.

சிரித்தவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். இந்த நோயாளிகளை வைத்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் நடத்திய நீண்டகால ஆய்வு 2024 ஆகஸ்டில் நிறுத்தப்பட்டது. சம்மதம் சிலரிடம் வற்புறுத்தலின் பேரில் பெறப்பட்டது என்று உள்விசாரணையில் தெரிந்தது. வற்புறுத்தியது ஆய்வாளர்கள் அல்ல என்றும் சொன்னார்கள். வைத்தியம் தேடி வந்தவர்களுக்கு அங்கே கிடைத்தது அது. இங்கே கிடைப்பது உங்கள் எமோஜி.