ஃபிராங்க் மர்ஃபி கோழை அல்லர்

ஞாயிற்றுக்கிழமை மிச்சிகனின் டிராய் நகரில் நடந்த நம் வாசகர் கூட்டத்தில் என்ன பேசப்பட்டது என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். பேசிய நண்பரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் 1937இல் ஃபிளிண்ட் கார் ஆலை வேலைநிறுத்தத்தைப் படையை ஏவி அடக்கத் தயங்கினார் என்பதற்காக, அன்றைய மிச்சிகன் ஆளுநர் ஃபிராங்க் மர்ஃபியை "முதுகெலும்பில்லாத ஆளுநர்" என்று அவர் சொன்னதும், அதற்கு அரங்கில் எழுந்த கைதட்டலும் மூன்று நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை. அங்கேயே எழுந்து மறுத்திருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டது, உட்கார்ந்துவிட்டேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்று: இங்கே ஆளுநர் என்பவர் மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்களிடம் வாக்குக் கேட்டு வருபவர். நம் முதலமைச்சரைப் போன்றவர். மர்ஃபி மிச்சிகனின் ஆளுநராக 1937 ஜனவரி 1 அன்று பொறுப்பேற்றபோது, ஃபிளிண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து உள்ளிருப்பு வேலைநிறுத்தம் தொடங்கி இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. நாற்காலியில் உட்காரும் முன்பே நெருப்பு அவர் மடிக்கு வந்துவிட்டது.

ஜனவரி 11 அன்று, மிச்சிகனின் அந்தக் கொடுங்குளிரில், ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிஷர் பாடி இரண்டாம் ஆலையின் வெப்பமூட்டிகள் நிறுத்தப்பட்டன. உள்ளே இருந்தவர்களுக்கு வந்த சாப்பாடு வாசலிலேயே தடுக்கப்பட்டது. போலீஸார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். தொழிலாளர்கள் கார்க் கதவுக் கீல்களை எறிந்தும், தீயணைப்புக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியும் எதிர்த்தார்கள். பிறகு துப்பாக்கிகள் சுட்டன, பலர் குண்டடிபட்டு விழுந்தார்கள். மர்ஃபி அன்றிரவே ஃபிளிண்டுக்குப் போய்த் தேசியக் காவல் படையை வரவழைத்தார். ஆலைகளைக் காலி செய்வதற்காக அல்ல, இரு தரப்புக்கும் நடுவே நிற்பதற்காக. வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடும்பங்களுக்கும் அரசு நிவாரணம் உண்டு என்றார். நண்பர் "தயக்கம்" என்று சொன்னது இதைத்தான். படையைக் கையில் வைத்துக்கொண்டு, ஏவச் சொல்லி நாலாபக்கமும் நெருக்கடி வந்தபோதும், ஏவாமல் ஒரு மாதம் நிற்பதற்கு எவ்வளவு முதுகெலும்பு வேண்டும் என்று அவர் யோசித்தாரா?

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று கேட்கலாம். என் அப்பா கோயம்புத்தூரில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவர். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அங்கே வேலைநிறுத்தம். உள்ளே இருந்த அப்பாவுக்குக் கொடுக்க அம்மா தூக்குப்போசியில் ரசஞ்சோறு எடுத்துக்கொண்டு போனார். நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டுக்கு முன்னால் தடியடி. தூக்குப்போசி கைநழுவி உருண்டது. மூடி கழன்று சோறு தார் ரோட்டில் கொட்டியது. அம்மா கூட்டத்தின் கால்களுக்கு நடுவே குனிந்து மூடியைத் தேடி எடுத்த காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அப்பாவின் தோள்பட்டை எலும்பு அன்று முறிந்தது, கடைசிவரை அந்தக் கையை அவரால் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. "கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல அன்று அங்கே அதிகாரத்தில் ஒருவரும் இல்லை. அப்படிச் சொன்ன ஒருவரைக் கோழை என்று அழைத்து நாம் கைதட்டினோம்.

"சட்டம் சட்டம்தானே, ஆலையைக் காலி செய்யச் சொல்லி நீதிமன்றம் தடையாணை போட்டதே" என்பீர்கள். முதல் தடையாணையைப் பிறப்பித்த நீதிபதி எட்வர்ட் பிளாக்கிடம் ஜெனரல் மோட்டார்ஸின் பங்குகள் 3,365 இருந்தன. இரண்டாவது ஆணை பிப்ரவரி 2 அன்று வேறொரு நீதிபதியிடமிருந்து வந்தது. அதில் அப்படிப்பட்ட களங்கம் இல்லை. அதை நிறைவேற்றாமல் மர்ஃபி தள்ளிப்போட்டது உண்மை. உள்ளிருப்புப் போராட்டம் சட்டப்படி சரி என்று அவரும் நினைக்கவில்லை. சட்டத்தை நிலைநாட்டுவது தம் கடமை என்பதைக் கடிதமாகவே எழுதித் தொழிற்சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸிடம் படித்துக் காட்டினார். ஆனாலும் பேச்சுவார்த்தையை விடவில்லை. பிப்ரவரி 11 அன்று, 44 நாட்களுக்குப் பிறகு, ஒப்பந்தம் கையெழுத்தானது. ஃபிளிண்டில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே 1937 மே 30 அன்று சிகாகோவில் எஃகு ஆலைத் தொழிலாளர்கள் மீது போலீஸார் சுட்டதில் பத்துப் பேர் இறந்தார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆலை முதலாளியின் சொத்துரிமை என்ன ஆவது என்று ஒருவர் கேட்டார். ஆலை அப்படியே இருந்தது, கார்கள் மறுபடியும் வெளிவந்தன. போன உயிர் வந்திருக்குமா?

மர்ஃபி பயந்தார் என்கிறார்கள். பயந்தார்தான், இரத்தம் சிந்தும் என்று பயந்தார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் டெட்ராய்ட் மேயராக இருந்தவர் அவர். வேலையில்லாதவர்கள் படுப்பதற்குக் காலியாகக் கிடந்த தொழிற்சாலைக் கட்டடத்தைத் திறந்துவிட்டவர், காய்கறி பயிரிட்டுக்கொள்ள அவர்களுக்கு நிலத் துண்டுகள் கொடுத்தவர். 1932 மார்ச் 7 அன்று வேலையற்றோர் ஃபோர்டு ஆலையை நோக்கி நடந்தபோது, அவருடைய டெட்ராய்ட் எல்லைக்குள் ஊர்வலம் அமைதியாகவே சென்றது. ஃபோர்டு ஆலை இருந்த டியர்பார்ன் நகரின் எல்லையைத் தாண்டியதும் கண்ணீர்ப்புகை, பிறகு குண்டுகள். அன்றே நால்வர் இறந்தார்கள், ஐந்தாமவர் பின்னர் இறந்தார். ஓர் எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் என்ன நடந்தது என்று அறிந்த மனிதர் ஃபிளிண்டில் வேறு எப்படி நடந்துகொள்வார்?

"1938 தேர்தலில் மக்களே அவரைத் தோற்கடித்தார்களே" என்பது கூட்டத்தில் அதிகம் கைதட்டு வாங்கிய வரி. ஆம், தோற்றார். 1936இல் தாம் வென்ற அதே ஃபிட்ஸ்ஜெரால்டிடம் தோற்றார். ஃபிளிண்டில் அவர் எடுத்த முடிவு அந்தத் தோல்விக்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. பதவி போகும் என்று தெரிந்தும் செய்வது கோழைத்தனமா? பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றியது செல்லும் என்று 1944இல் தீர்ப்பு வந்தது. அதில் மாறுபட்டு எழுதிய மூவரில் மர்ஃபியும் ஒருவர். போர் நடந்துகொண்டிருந்தது. அதை இனவெறி என்று பெயர் சொல்லியே எழுதினார்.

அவர் குறையில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. தம்மைப் பற்றிய நினைப்பு அவருக்கு அதிகம் என்று அவரை அறிந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். இருக்கட்டும். இந்த மாநிலத்தில் கார்த் தொழிலை நம்பிப் பிழைக்கும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும், என்னுடையதும் அதில் ஒன்று. இங்கே உட்கார்ந்துகொண்டு அவரை இப்படிப் பேசியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அமைப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இந்த முறை எழுந்து நின்று பேசுகிறேன்.