கம்பியை அழிச்ச கதை

போன மாதம் மூன்று பொடியள் இன்பொக்சில் படம் அனுப்பி, "அண்ணை, இதைக் காட்டுயிர்ப் படப் போட்டிக்குப் போடலாமோ?" என்று கேட்டிருந்தாங்கள். ஒன்று இரணைமடுக் குளத்தில் எடுத்த நாரைக் கூட்டம். ஒன்று மயில். மற்றது யானை. மூன்று படத்திலும் எதையோ அழித்திருந்தாங்கள். நாரைக்குப் பின்னால் ஒரு லைட் போஸ்ட் நின்றிருக்கிறது. மயிலின் காலடியில் பொலித்தீன் பை கிடந்திருக்கிறது, புல்லை நகல் எடுத்து அதன்மேல் ஒட்டின அடையாளம் அப்படியே தெரியுது.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றால், அழிக்கிறதுதானே என்ரை தொழில். கலியாணவீடு, சாமத்தியவீடு, பிறந்தநாள். மாப்பிள்ளையின் முகப்பருவை அழிப்பேன். மணவறைக்குப் பின்னால் தொங்குகிற வயரை அழிப்பேன். ஒருமுறை, கோபித்துக்கொண்டு போன சித்தப்பாவைக் குடும்பப் படத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்தேன். அடுத்த வருடம் சமாதானமாகி, திரும்பப் போடச் சொல்லி வந்தார்கள். அது வேறு கதை.

அந்தப் பொடியளுக்குத் தனித்தனியாக எழுதுகிறதை விட என்ரை கூத்தை இங்கே எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஆவணி மாதம், சிறுபோக அறுவடை நேரம். முத்தையன்கட்டுப் பக்கம் கூட்டாளி ஒருவனின் தகப்பனாருக்கு வயல். இரவுக் காவலுக்குப் பரண் கட்டியிருந்தார். "ஐயா, நானும் ஒருநாள் வந்து இருக்கட்டோ" என்று கேட்டு, கலியாணவீட்டுக்குக் கொண்டு போகிற அதே 70-200 லென்சோடு ஏறிக் குந்தினேன். பொழுது படுகிற நேரம் காட்டுக்கரையால் ஒரு அலியன், கொம்பில்லாத ஆண் யானை, தனியாக வந்தான். நெல்லுக்கும் அவனுக்கும் நடுவில் சோலர் மின்வேலி, இரண்டு கம்பி. மேல் கம்பி சரியாக அவன் கண்ணுக்குக் கீழே ஓடுது. தும்பிக்கையை முன்னுக்கு நீட்டினான். கம்பிக்கு ஒரு சாண் இருக்க நுனியை உள்ளுக்கு மடித்துச் சுருட்டிக்கொண்டான். அப்படியே நின்று நெல்லை மணந்தான். ஏழெட்டுப் படம் எடுத்திருப்பேன். பிறகு ஐயா யானை வெடி ஒன்றைக் கொளுத்தினார், அவன் திரும்பிக் காட்டுக்குள் போனான்.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால் படம் நல்ல படம். ஆனால் கண்ணுக்குக் கீழே அந்தக் கம்பி கிடந்து உறுத்துது. பொம்பிளையின் முகத்துக்குக் குறுக்கே வயர் போனால் விடுவேனா? இருபது நிமிட வேலை. கம்பியும் போச்சு, இரண்டு கம்பமும் போச்சு. பார்க்க ஆபிரிக்காவில் எடுத்த மாதிரி இருந்தது. உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்கு நுழைவுக் கட்டணம் கட்டி அனுப்பினேன். சந்தோசத்தில் ஒரு பிரதி அடித்து ஐயாவுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஐயா படத்தை வெளிச்சத்துக்குப் பிடித்துக் கனநேரம் பார்த்தார்.

"தம்பி, வேலி எங்கை?"

"வடிவுக்காக எடுத்திட்டன் ஐயா."

"அப்ப இவன் இப்ப வயலுக்கு உள்ளுக்கை நிக்கிறானோ, வெளியிலை நிக்கிறானோ?"

சிரித்துச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு கிழமை கழித்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் படம் இறுதிச் சுற்றுக்குத் தெரிவாகியிருக்கிறது, கமராவில் பதிவான, கை வைக்காத மூலக் கோப்பை (ரோ கோப்பு) ஐந்து நாளுக்குள் அனுப்பவும். ரோ கோப்பு என்னிடம் இருந்தது. திறந்தேன். கம்பி இருந்தது. ஐந்து நாளும் ஒவ்வொரு இரவும் திறந்து பார்த்தேனே ஒழிய அனுப்பவில்லை. போட்டிக்காரரில் ஒரு பிழையும் இல்லை. விதியில் தெளிவாகத்தான் போட்டிருந்தது: வெளிச்சம் கூட்டலாம், ஓரம் வெட்டலாம், தூசிப் புள்ளி எடுக்கலாம், படத்தில் இருந்த ஒன்றை எடுக்கவோ இல்லாத ஒன்றைச் சேர்க்கவோ கூடாது. நான்தான் அதை வாசிக்காமலே 'சம்மதம்' என்ற பெட்டியில் சரி போட்டவன்.

என்னைவிடப் பெரிய ஆட்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துகிற 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஒஃப் த இயர்' 1965இல் தொடங்கிய போட்டி, இப்போது வருடத்துக்கு 50,000க்கு மேல் படம் போகிறது. அதில் 2009இல் முதல் பரிசு வாங்கினது, இரவில் படலையைத் தாண்டிப் பாய்கிற ஓநாய். அது பழக்கி வளர்த்த ஓநாய் என்று முடிவாகி 2010இல் பரிசைத் திருப்பி எடுத்தார்கள். 2017இல் பிரேசிலில் எடுத்த எறும்புண்ணிப் படம் ஒரு பிரிவில் வென்றது. மினுங்குகிற கறையான் புற்றுக்கு முன்னால் நின்றது பாடம் பண்ணி வைத்த உடல் என்று ஆய்வாளர்கள் முடிவு சொல்ல, அடுத்த வருடம் அதையும் நீக்கினார்கள். அதே போட்டியில் 2020இல் வென்ற ரஷ்யரோ, மரத்தைக் கட்டிப்பிடித்து நிற்கிற புலி ஒன்றுக்காகத் தானியங்கிக் கமராவைக் காட்டில் வைத்துவிட்டுப் பதினொரு மாதத்துக்கு மேல் காத்திருந்தவர்.

பொய் பிடிபடும், ஆகவே செய்யாதே என்று மட்டும் சொல்ல இதை எழுதவில்லை. ரோ கோப்பு கேட்காத போட்டியும் எத்தனையோ இருக்குது. என்ரை கவலை வேறை. நாங்கள் எதை அழிக்கிறோம் என்று பாருங்கோ. மின்வேலி, குளக்கட்டு, துருசு (குளத்து மதகு), லான்மாஸ்டர் உழவு இயந்திரம், மாட்டுப்பட்டி. ஏனென்றால் காட்டுயிர்ப் படம் என்றால் மனிசன்ரை அடையாளமே இருக்கக் கூடாது என்று தொலைக்காட்சி பார்த்துப் பழகிவிட்டோம். வன்னியில் மனிசன் கை படாத இடமாகத் தேடிப் பார்த்தால் பறவை நிற்கிற இடம் முக்கால்வாசி போய்விடும். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம், எல்லாம் மண்வெட்டியால் வந்த தண்ணி. அந்தத் தண்ணிக்குத்தான் நாரையும் முதலையும் வந்தது. காட்டுக்குள் போனாலும் அப்படித்தான், பாலை மரத்துக்கும் வீரை மரத்துக்கும் நடுவில் பழைய கிணறு ஒன்றும் வீட்டு அத்திவாரம் ஒன்றும் கிடக்கும்.

அழகான பின்னணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லைட் போஸ்ட் பிடிக்காவிட்டால் இரண்டடி தள்ளி நில்லுங்கோ, குந்துங்கோ, குப்புறப் படுங்கோ. அது தெரிவு. எடுத்தபிறகு அழிக்கிறது வேறை. என்ரை யானைப் படத்தில் கம்பியை எடுத்த பிறகு, அந்தத் தும்பிக்கை ஏன் சுருண்டிருக்கிறது என்பதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. படத்தின் உயிர் அந்த ஒரு சாண் இடைவெளிதான். அதைத்தான் நான் அழித்தேன்.

இன்னொன்று. படத்துக்காகப் பறவையைக் கலைக்கிற வேலை வேண்டாம். வங்காலையில் (2008இல் சரணாலயம், 2010இல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம்) பூநாரை வருகிற காலத்தில், கூட்டம் எழும்பினால்தான் படம் என்று ட்ரோனை விடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பூநாரை நின்ற நிலையில் சட்டென்று எழும்பிப் பறக்கிற பறவையல்ல, தண்ணியில் ஓடித்தான் எழும்பும். ஒவ்வொரு முறையும் தின்ற தீனியின் பலம் வீணாகப் போகும். சுண்டிக்குளத்திலும் இதே கூத்துத்தான். அது 2015இல் தேசிய பூங்கா ஆக்கப்பட்ட இடம். கூடு தெரிந்தால் இடத்தின் பெயர் போடாதீர்கள். மிதிவெடிப் பலகை இருக்கிற பக்கம் எந்தக் கரடிக்காகவும் கால் வைக்காதீர்கள், ஆட்கள் வழமையாகப் போய்வருகிற பாதையை விட்டு விலகவும் வேண்டாம். பெரிய லென்சோடு வீதியில் நின்றால் "எந்த மீடியா?" என்று கேள்வி வரும், அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருங்கோ. பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்கு அந்த லண்டன் போட்டியில் நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கட்டாயம் போடுங்கோ.

மூன்று பொடியளுக்கும் என்ரை பதில்: போடலாம், அழிக்காத பிரதியைப் போடுங்கோ. ரோ கோப்பை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கோ. பொலித்தீன் பையோடு நிற்கிற மயில்தான் எனக்குப் பிடித்திருக்குது.

இந்த முறை நானும் அந்த யானையைக் கம்பியோடு அனுப்பப் போகிறேன். படத்துக்கு நாலு வரி விளக்கம் எழுத வேண்டும் என்று, தைப்பொங்கலுக்கு ஐயாவிடம் கம்பியோடு இருக்கிற பிரதியைக் கொண்டுபோனேன். பழையதைச் சுவரில் கொழுவியிருந்தார், கழற்றிவிட்டு இதைக் கொழுவினார்.

"எத்தினை வோல்ட் ஐயா ஓடினது?" என்று கேட்டேன், விளக்கத்தில் போடலாம் என்று.

"அண்டைக்கு எங்கை ஓடினது? பற்றரி செத்து ஒரு மாசம். வெறுங்கம்பி."

"அப்ப அவன் ஏன் நிண்டவன்?"

"அவனுக்குத் தெரியாது தானே. அடுத்த கிழமை தெரிஞ்சிட்டுது. அரை ஏக்கர் போச்சு."