ஒரு இரவு நிறுத்தினால் போதுமா? புருவ வாக்ஸிங் பற்றிய தவறான தகவல்

"ரெட்டினால் கிரீமை முந்தின இரவு மட்டும் நிறுத்தினால் புருவ வாக்ஸிங் செய்யலாம், முகப்பரு மாத்திரை உள்ளே போவதுதானே, தோலுக்குச் சம்பந்தமில்லை" என்று ஒரு செய்தி பியூட்டிஷியன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ரெட்டினால் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம்களை வாக்ஸிங்குக்கு 2 முதல் 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம், அவர்கள் இணையதளத்திலேயே பார்க்கலாம். மாத்திரை விஷயம் இன்னும் முக்கியம். முகப்பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரையைச் சாப்பிடும்போதும், நிறுத்திய பிறகு குறைந்தது 6 மாதமும் வாக்ஸிங் கூடாது, வடு விழலாம் என்று அந்த மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. இந்த மருந்துகளால் தோல் எளிதில் உரியும் நிலைக்கு வந்துவிடும், வாக்ஸை இழுக்கும்போது முடியோடு மேல்தோலும் வந்துவிடும், அதுவும் கண்ணுக்குப் பக்கத்தில், அங்கே தோல் ஏற்கெனவே மெல்லியது.

அதனால் வாக்ஸைச் சூடாக்கும் முன், என்ன கிரீம், என்ன மாத்திரை என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள், போன மாதம் கேட்டது போதாது. சந்தேகம் இருந்தால் ட்வீசர் போதும்.

அந்தச் செய்தியை தயவுசெய்து இனி பகிராதீர்கள், அனுப்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.