பஷார் தலைமைத் தளபதி அல்ல

அண்ணே, ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதை நாவலில் பேரரசரின் சர்தௌகார் படைக்கு பஷார் என்ற பதவியில் இருப்பவர்தான் தலைமைத் தளபதி, மொத்தப் படையே சில ஆயிரம் பேர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. புதுச்சேரி ஞாயிறு சந்தையில் வாங்கிய என் பழைய பிரதியில், கடைசியில் வரும் சொல் விளக்கத் தாள்கள் கழன்றே வந்துவிட்டன, அத்தனை முறை புரட்டியிருக்கிறேன். அதன்படி பஷார் என்பவர் கர்னலுக்கு நூலளவு மேல், அவ்வளவுதான். அவருக்கு மேலே காயித். அதற்கும் மேலே பர்செக், அவர்தான் படை நடத்தும் ஜெனரல்.

இதில் காயித் பதவிதான் எனக்குப் பிடித்தது. சண்டையைவிடப் பொதுமக்களோடு பழகுவதுதான் அவருக்கு அதிக வேலை. ஒரு கோளின் முழு மாவட்டத்துக்கும் ராணுவ ஆளுநர் அவர். பஷாருக்கு உட்கோட்டம் மட்டும். நம்ம ஊர்க் கணக்கில், காயித்துக்குக் கடலூர் மாவட்டம் முழுவதும் என்றால் பஷாருக்குச் சிதம்பரம் கோட்டம்.

அப்புறம் எண்ணிக்கை. ஒரு லீஜியன் என்றால் 10 பிரிகேட், சுமார் 30,000 பேர். கதை நடக்கும் அராக்கிஸ் கோளில், ஹார்கோனன் என்ற பிரபுக் குடும்பத்துப் படையின் சீருடை மாட்டி இறக்கத் திட்டமிட்டதே 2 லீஜியன்! உங்கள் பதிவைப் பார்த்து வினாடி வினாவுக்குப் பிள்ளைகள் குறிப்பெடுக்கிறார்கள், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.