அதிபரின் மன்னிப்பு எல்லா வழக்குக்கும் செல்லுமா?

"அமெரிக்க அதிபர் ஒரு கையெழுத்துப் போட்டால் டெரெக் ஷாவின் விடுதலை ஆகிவிடுவார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. (ஷாவின், 2020இல் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவரைக் கொன்ற முன்னாள் காவலர்.) அந்தத் தகவல் தவறு.

அதிபரின் மன்னிப்பு அதிகாரம் அரசமைப்பின் 2ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவில் இருக்கிறது. 'அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு எதிரான குற்றங்கள்', அதாவது கூட்டாட்சிச் (மத்திய அரசின்) சட்டப்படியான குற்றங்களுக்கு மட்டுமே அது செல்லும். மாநிலச் சட்டப்படி விதித்த தண்டனையில் அதிபர் கை வைக்க முடியாது.

ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலையில் ஷாவினுக்கு இரண்டு தண்டனைகள். மினசோட்டா நீதிமன்றம் 2021இல் கொலைக்காக விதித்தது 22 ஆண்டு 6 மாதம். குடிமை உரிமைகளைப் பறித்ததற்காகக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022இல் விதித்தது 21 ஆண்டு. இரண்டும் ஒரே காலத்தில் ஓடுகின்றன. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அதிபர் மன்னித்தாலும் இரண்டாவதுதான் அழியும். முதலாவது அப்படியே நிற்கும். கூட்டாட்சிச் சிறையிலிருந்து மாநிலச் சிறைக்கு மாற்றுவார்கள், அவ்வளவுதான்.

ஒரே செயலுக்கு இரண்டு தண்டனை எப்படி என்று கேட்கலாம். மாநிலமும் கூட்டாட்சியும் தனித்தனி இறையாண்மைகள் (தத்தம் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் கொண்டவை) என்பதால் அது, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது என்ற இரட்டைத் தண்டனைத் தடையை மீறாது. 2019இல் கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 7-2 என இதை உறுதிசெய்தது. (எதிர்த்தவர்கள் தாராளவாத நீதிபதி கின்ஸ்பர்க்கும் பழமைவாத நீதிபதி கோர்சச்சும், வினோதமான ஜோடி!)

சரி, மாநிலக் குற்றத்தை ஆளுநராவது நினைத்தவுடன் மன்னிக்கலாமா? மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சஸில் மன்னிப்பு வாரியம் பரிந்துரைக்க வேண்டும். ஜார்ஜியாவில் ஆளுநருக்கு அந்த அதிகாரமே கிடையாது. ஐந்து பேர் கொண்ட வாரியம்தான் முடிவெடுக்கும். மினசோட்டாவில் ஆளுநரோடு அட்டர்னி ஜெனரல், தலைமை நீதிபதி ஆகிய இருவரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும்.