உங்கள் லாக்கில் இருப்பது நீங்கள் மட்டும் இல்லை

ஆன்லைன் கேமில் என்ன செய்தோம், எந்த பாஸை (பெரிய எதிரியை) எப்போது அடித்தோம், யார் எவ்வளவு டேமேஜ் செய்தார்கள் என்பதையெல்லாம் குறித்து வைக்கும் ஆட்-ஆன்களையும் (கேமோடு சேர்த்து நிறுவும் துணைப் புரோகிராம்கள்), அதை வெளியே பகிர்வதையும் பற்றி எங்கள் கில்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) கொஞ்ச நாளாகப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. இது இல்லாமல் ரெய்டு, அதாவது பெரிய குழுவாகச் சேர்ந்து பாஸ்களை அடிக்கும் ஆட்டம், எப்படிப் போவது என்று பாதிப் பேர் கேட்கிறார்கள். விளையாடுவதில் கூடவா கண்காணிப்பு என்று மீதிப் பேர் கேட்கிறார்கள். நான் இரண்டு பக்கமும் முழுசாக இல்லை. கணக்கு வைப்பது நல்லது, நானும் வைக்கிறேன், இனியும் வைப்பேன். ஆனால் பகிர்வது தனி விஷயம். நான் அப்லோட் செய்யும் லாக்கில், அதாவது அந்த ஆட்டப் பதிவில், என்னோடு ஆடிய அத்தனை பேரும் பெயரோடு இருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் அதை ஊருக்குத் திறந்து வைக்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை யாரும் சரியாக எடுத்துப் பேசுவதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பலர் ஆட்-ஆன்தான் எல்லாவற்றையும் இணையத்துக்கு அனுப்புகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு நன்றாகத் தெரிந்த கேம் அதுதான். அதில் ஆட்-ஆன்கள் லுவா மொழியில் எழுதப்படுகின்றன, அந்தக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். ஆட்-ஆனின் புரோகிராம் கோட் வெளிப்படையாக இருக்க வேண்டும், ஆட்-ஆனுக்குக் காசு வாங்கக் கூடாது, கேமுக்குள் விளம்பரம் காட்டக் கூடாது என்று கேமைத் தயாரிக்கும் பிளிசார்ட் 2009-லேயே விதி போட்டுவிட்டது. அதைவிட முக்கியம், கேமுக்குள் ஓடும் ஆட்-ஆனால் நேரடியாக இணையத்தைத் தொடவே முடியாது. சேர்த்து வைத்த தகவலை, நீங்கள் லாக் அவுட் செய்யும்போதோ ரீலோட் செய்யும்போதோ உங்கள் கணினியில் ஒரு கோப்பாக எழுதி வைக்கும், அவ்வளவுதான். நடுவில் கேம் கிராஷ் ஆனால் அதுவரை சேர்த்தது போச்சு. சண்டை விவரத்தை ஆட்-ஆன் கூட எழுதுவதில்லை. காம்பாட் லாக்கை ஆன் செய்தால் கேமே அதைத் தனி டெக்ஸ்ட் கோப்பாக எழுதுகிறது.

அப்புறம் அது வெளியே எப்படிப் போகிறது? அதற்குத் தனியாக ஒரு அப்லோடர் இருக்கிறது. கேமுக்கு வெளியே, உங்கள் கணினியில் மற்ற எந்த சாஃப்ட்வேரையும் போல ஓடுகிற புரோகிராம் அது. ஆட்-ஆனுக்கு இருக்கும் வேலி எதுவும் அதற்குக் கிடையாது. எனவே நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்க வேண்டிய இடம் இந்த அப்லோடர்தான், ஆனால் ஆட்-ஆனை ஆராய்ந்து ஆராய்ந்து பேசுகிறவர்கள் கூட அப்லோடரை ஒரு நெக்ஸ்ட், இன்னொரு நெக்ஸ்ட் என்று அழுத்தி நிறுவிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த லாக் கோப்பை ஒரு முறையாவது திறந்து பாருங்கள். ஒரு ராத்திரி ரெய்டு ஓடினால் சில நூறு எம்பி சர்வ சாதாரணமாக வரும். ஒவ்வொரு வரியும் ஒரு நிகழ்ச்சி. மில்லி செகண்ட் வரை நேரம், யார் செய்தார், யார் மீது செய்தார், எந்த ஸ்பெல், எவ்வளவு. பெயரோடு சர்வர் பெயரும் சேர்ந்தே இருக்கும். மிகக் கடினமான மிதிக் ரெய்டு என்றால் இருபது பேர். இருபது பேரின் ஒவ்வொரு அசைவும் ஒருவர் கணினியில் எழுதப்படுகிறது. எழுதப்படுவது மற்ற பத்தொன்பது பேருக்கும் திரையில் தெரியாது.

இது எவ்வளவு உதவும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரே பாஸில் திரும்பத் திரும்ப வைப் ஆகும்போது, அதாவது எல்லோரும் செத்து மறுபடி தொடங்கும்போது, எல்லோருக்கும் எரிச்சல் ஏறும், ஹீலர் (உயிரேற்றுகிறவர்) சரியில்லை என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அப்போது அந்த மரணத்தின் லாக்கைத் திறந்தால் கதையே வேறாக இருக்கும். பாஸின் பெரிய அடி விழுவதற்கு நான்கு நொடி முன்பே அந்த ஆள் பாதி உயிருக்குக் கீழே போயிருப்பார். தரையில் இருந்த தீயில் இரண்டு டிக் (இரண்டு முறை அடி வாங்கும் வரை) நின்றிருப்பார். தற்காப்புக்கான பொத்தான் கையில் இருந்தும் அழுத்தியிருக்க மாட்டார். ஹீலரோ அதே நொடியில் முன்னால் நின்று அடி தாங்கும் டேங்கைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். பத்து நிமிட வாக்குவாதத்தை நான்கு வரி முடித்துவிடும், சரி, அடுத்த முறை தீயிலிருந்து சீக்கிரம் நகர்வோம் என்று எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். 2013-லிருந்து இருக்கும் வார்கிராஃப்ட் லாக்ஸ் போன்ற தளங்கள் இதை எவ்வளவு எளிதாக்கின என்பது ரெய்டு நடத்தியவர்களுக்குத் தெரியும். புதிதாக ஒரு கிளாஸ் (கேரக்டர் வகை) கற்கிறவருக்கு, அதே கிளாஸில் கைதேர்ந்தவர் எந்த நொடியில் எந்தப் பொத்தானை அழுத்துகிறார் என்று பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

பிரச்சினை, அதே லாக் இன்னொருவர் கைக்குப் போகும்போது ஆரம்பிக்கிறது.

எங்களோடு ரெய்டு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பேர் வேண்டாம். பாஸ் சண்டையில் யாராவது ஒருவர் ஓரமாகப் போய் உருண்டைகளைப் பொறுக்க வேண்டும், பொறுக்காவிட்டால் எல்லோரும் காலி. யாருக்கும் பிடிக்காத வேலை, ஏனென்றால் அந்த நேரம் பாஸை அடிக்க முடியாது. அவர்தான் ஒவ்வொரு வாரமும் நான் போகிறேன் என்று சொல்லி அதைச் செய்தார். லாக் தளத்தில் அவர் பெயருக்கு நேராகத் தெரிந்தது என்ன? சாம்பல் நிறம். அந்தத் தளம் உங்கள் டேமேஜ் எண்ணை, அதே பாஸில் அதே ஸ்பெக்கில் (கிளாஸின் உட்பிரிவில்) லாக் ஆன மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டு நிறம் கொடுக்கிறது. கீழே சாம்பல், பிறகு பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு, உச்சத்தில் பிங்க்கும் தங்கமும். உருண்டை பொறுக்கியதற்கு நிறம் கிடையாது. வேறு ஒரு கில்டில் சேர அவர் விண்ணப்பித்தபோது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்று எங்கள் யாரையும் கேட்கவில்லை. அந்த லாக்கை அவர் அப்லோட் செய்யவும் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து போனது அது. அதைப் பொதுவில் போட்டவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது, அப்லோடரில் பப்ளிக் என்று இருந்ததை அப்படியே விட்டிருந்தார். எனக்கு இன்றும் வருத்தம் தருவது இந்த இடம்தான். யாரும் தீங்கு நினைக்காமலேயே ஒருவர் மீது முத்திரை விழுந்துவிட்டது.

எண் வாசல் காவலாக மாறுவது புதுசும் இல்லை. 2008-இல் வந்த லிச் கிங் விரிவாக்கத்தின் காலத்திலேயே கியர்ஸ்கோர் என்ற ஆட்-ஆன், உடுத்தியிருக்கும் சாமான்களைக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டியது. அந்த எண் இல்லை என்றால் குரூப்பில் இடம் இல்லை. பிறகு ஐந்து பேர் சேர்ந்து போகும் மிதிக் பிளஸ் டஞ்சன்கள் வந்ததும் ரைடர் ஐஓ என்ற ஆட்-ஆன் வந்தது, யார் பெயர் மீது மவுஸை வைத்தாலும் அவர் ஸ்கோர் தெரியும். ஆட்-ஆனால் இணையத்துக்குப் போக முடியாது என்றேன் இல்லையா, அப்படியானால் ஸ்கோர் எப்படித் தெரிகிறது? ஆட்டக்காரர்களின் ஸ்கோர் பட்டியலே ஆட்-ஆனோடு சேர்ந்து உங்கள் கணினிக்கு இறங்குகிறது, அடிக்கடி புதுப்பிக்கப்படுகிறது. கடைசியில் 2021-இல் பிளிசார்டே மிதிக் பிளஸ் ரேட்டிங்கைக் கேமுக்குள் கொண்டுவந்துவிட்டது. ரேட்டிங்கைப் பற்றி எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, ஐந்து பேர் அரை மணி நேரம் ஒன்றாக மெனக்கெடப் போகிறார்கள், கூட வருபவர் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள விரும்புவது நியாயம்தான். அந்த டஞ்சனை முடித்தார் என்ற தகவலும், எந்த நொடியில் எங்கே தடுமாறினார் என்ற தகவலும் ஒன்று இல்லை என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இது ஸ்கோரோடு நின்றிருந்தால் கூட இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இன்னொரு ஆன்லைன் கேமான ஃபைனல் ஃபேன்டசி 14-இல் நடந்ததைப் பாருங்கள். 2024-இல் டான்ட்ரெயில் விரிவாக்கம் வந்தபோது பிளாக் செய்யும் வசதியை மேம்படுத்தினார்கள். ஒருவரை பிளாக் செய்தால் அவருடைய மற்ற கேரக்டர்களும் சேர்ந்து பிளாக் ஆகும். தொல்லைக்கு ஆளாகிறவர்களுக்காகச் செய்த நல்ல மாற்றம். ஆனால் அது வேலை செய்வதற்காக, எந்தக் கேரக்டர் எந்த அக்கவுண்ட் என்று அடையாளம் காட்டும் தகவல் ஆட்டக்காரர்களின் கணினி வரை வந்தது. பிளேயர்ஸ்கோப் என்ற பிளகின் (ஆட்-ஆன் போன்ற ஒன்று) அதைப் பிடித்துக்கொண்டது. அதை நிறுவியவரின் அருகில் போகிற எல்லோருடைய தகவலும் சேகரிக்கப்பட்டு ஒரே கிடங்குக்குப் போனது. யாருக்கு எந்தெந்தக் கேரக்டர் என்று தேடிப் பார்க்கலாம். 2025 ஜனவரியில் தயாரிப்பாளர் நவோகி யோஷிடாவே அறிக்கை வெளியிட்டு, அதை அகற்றச் சொல்வதையும் சட்ட நடவடிக்கையையும் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

ஒரு நிமிடம் இதை யோசியுங்கள். ஒரு பெண் ஒருவனின் தொல்லை தாங்காமல் பழைய கேரக்டரை விட்டுவிட்டு, புதுப் பெயரில் நிம்மதியாக ஆட வருகிறாள். அவள் எதையும் நிறுவவில்லை, எதற்கும் சம்மதிக்கவில்லை. கேமுக்குள் சந்தையில் அவள் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரிடம் அந்த பிளகின் இருந்தது, அது போதும். நான் லாக் பற்றிக் கேட்கும் அதே கேள்விதான் இங்கே முற்றிப்போய் நிற்கிறது.

அளவில் சின்னது என்றாலும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடும் நேரம் பகிரப்பட்டால் ஒருவர் எப்போது தூங்குகிறார், எப்போது வேலைக்கு நடுவில் எட்டிப் பார்க்கிறார், எந்த வாரம் முழுக்க வரவில்லை என்பதெல்லாம் சேர்ந்தே தெரிந்துவிடும். டிஸ்கார்ட் சாட் ஆப்பில் என்ன கேம் ஆடுகிறீர்கள் என்று பெயருக்குக் கீழே காட்டுமே, அதைப் பார்த்துவிட்டு "ஆன்லைனில் இருந்துகொண்டே பதில் போடவில்லை" என்று உறவு கெட்டுப்போன கதைகளைக் கேட்டிருக்கிறேன். செட்டிங்கில் போய் அதை அணைத்துவிடலாம். அணைக்க முடியும் என்று தெரியாதவர்களே அதிகம்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. வாலரன்ட் கேமில் உங்கள் மேட்ச் விவரத்தை வெளித்தளம் காட்ட வேண்டும் என்றால், நீங்களே அந்தத் தளத்தில், கேமைத் தயாரிக்கும் ரயட்டின் அக்கவுண்டில் உள்நுழைந்து சம்மதம் தர வேண்டும். தராதவர் விவரம் மறைவாகவே இருக்கும். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில், ரேங்க் ஆட்டம் தொடங்கும் முன்பே கூட ஆடப்போகிறவர்களின் பழைய ஆட்ட விவரத்தைத் தேடிப் பார்த்துவிட்டுப் பலர் ஓடிப்போவது வழக்கமாக இருந்தது. 2022-இல் அந்தக் கட்டத்தில் பெயர்களையே மறைத்துவிட்டார்கள். கேம் விற்கும் தளமான ஸ்டீமில் 2018 ஏப்ரலில் கேம் விவரங்களை டிஃபால்டாகவே பொதுப் பார்வையிலிருந்து எடுத்தார்கள். பொது ப்ரொஃபைல்களைப் படித்து விற்பனையைக் கணக்கிட்ட ஸ்டீம்ஸ்பை போன்ற தளங்களுக்கு அது பெரிய அடி. எனக்கும் அந்தக் கணக்குகளைப் பார்ப்பது பிடிக்கும். ஆனாலும் அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன். டிஃபால்ட் என்னவோ அதுதான் பெரும்பாலானவர்களின் நிலை, ஏனென்றால் யாரும் செட்டிங்கைத் திறப்பதில்லை. அதனால் டிஃபால்டை முடிவு செய்கிறவர்தான் உண்மையில் எல்லோருக்காகவும் முடிவு செய்கிறார்.

வார்கிராஃப்டில் மிட்நைட் விரிவாக்கத்தை ஒட்டி, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்-ஆன்களுக்குக் கிடைக்கும் தகவலைக் கட்டுப்படுத்தப் போவதாக 2025-இல் பிளிசார்ட் சொன்னதும் பெரிய சண்டையே நடந்தது. அந்த விவாதம் முழுக்க, ஆட்-ஆன் நமக்காக யோசிக்கலாமா கூடாதா என்பதைப் பற்றியது. அதுவும் பேச வேண்டியதுதான். ஆனால் அந்தச் சத்தத்தில், சண்டை முடிந்த பிறகு லாக் எங்கே போகிறது என்று கேட்ட குரல் எதுவும் என் காதில் விழவில்லை.

எங்கள் கில்டில் நான் கேட்டிருப்பது ரொம்பச் சின்ன விஷயம். லாக் போடுகிறவர் ஒருவராக இருக்கட்டும், ரெய்டு தொடங்கும்போது "இன்று லாக் ஓடுகிறது" என்று சாட்டில் ஒரு வரி எழுதட்டும். அப்லோடரில் பப்ளிக்கை மாற்றி அன்லிஸ்டட் வைக்கட்டும், லிங்க் இருப்பவர்கள் பார்த்தால் போதும், நமக்கு வேண்டிய ஆராய்ச்சி அத்தனையும் அதிலேயே நடக்கும். தன் ரேங்க் வெளியே தெரிய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அந்த ஆசை தப்பே இல்லை, அவர்களுக்காக எல்லோரும் சரி என்ற ராத்திரியில் பப்ளிக்காகப் போடலாம். வெளியிலிருந்து ஒன்றிரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போகும் நாட்களில் போடவே வேண்டாம், அவர்கள் நம் பேச்சில் இல்லாதவர்கள். புதிதாக விண்ணப்பிக்கிறவரின் நிறத்தை மட்டும் பார்த்து மறுக்காமல், அந்தச் சண்டையில் உங்களுக்கு என்ன வேலை கொடுத்திருந்தார்கள் என்று ஒரு கேள்வி கேட்போம். முன்பு பொதுவில் போன லாக்குகளையும் பிரைவேட் ஆக்கச் சொல்லியிருக்கிறேன், போட்டவரே உள்ளே போய் மாற்ற முடியும். இரண்டு பேர் மாற்றிவிட்டார்கள், மற்றவர்களையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்கள் கில்டில் இதற்கு என்ன வழக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், எங்கள் விதியை எழுதும்போது அதையும் சேர்த்துப் பார்க்கிறோம்.