புவெர் என்றால் பையன், அப்புறம் இன்னொரு அர்த்தமும் உண்டு

லத்தீன் கற்றுக்கொள்ள ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான் முடிகிறது. நான் வைத்திருக்கும் பாடநூலில் முதல் பாடத்துச் சொற்பட்டியலிலேயே ‘புவெர் – பையன்’ என்று இருந்தது. நானும் அப்படியே மனப்பாடம் செய்து, பையன் பள்ளிக்குப் போகிறான், பையன் தண்ணீர் கொண்டுவருகிறான், பையன் கதவைத் திறக்கிறான் என்று நோட்டு நிறைய வாக்கியம் எழுதினேன். பல மாதம் கழித்து ரோமானியக் கவிஞர் ஹொராஸின் ஒரு குட்டிக் கவிதைக்கு வந்தேன். பாரசீக ஆடம்பரமெல்லாம் எனக்குப் பிடிக்காது பையா, என்று தொடங்கும். யார் இந்தப் பையன் என்று உரையைப் பார்த்தால், மது ஊற்றிக் கொடுக்கும் அடிமை. ரோமானியர்கள் அடிமையை, அவனுக்கு வயது என்னவாக இருந்தாலும், கூப்பிட்ட சொல் இதுதான். பழைய நோட்டை எடுத்துத் திரும்பப் படித்தேன். தண்ணீர் கொண்டுவந்தவனும் கதவைத் திறந்தவனும் யாரென்று அப்போதுதான் புரிந்தது.

பெற்றோர் தங்கள் பிள்ளைகளைச் சொல்ல இன்னொரு சொல் வைத்திருந்தார்கள்: லீபெரி. ‘சுதந்திரமான’ என்று பொருள்படும் லீபெர் என்ற சொல்லின் பன்மை அது. அதாவது பிள்ளைகள் என்றாலே ‘சுதந்திரமானவர்கள்’. ஒரு வீட்டில் ஒரே வயதில் இரண்டு குழந்தைகள் ஓடி விளையாடினால் இரண்டையும் புவெர் என்று கூப்பிடலாம், ஆனால் லீபெரி என்ற சொல்லுக்குள் ஒன்றுக்குத்தான் இடம். இன்று கல்லூரிகளில் ‘லிபரல் ஆர்ட்ஸ்’ என்கிறோமே, அதுவும் இந்த லீபெரிலிருந்து வந்ததுதான். இந்தக் கலைகளுக்கு ஏன் இப்படிப் பெயர் என்று ரோமானியத் தத்துவஞானி செனெகா ஒரு கடிதத்தில் விளக்குகிறார்: சுதந்திரமான மனிதனுக்குத் தகுந்தவை என்பதால்.

ரோமானியக் கல்வியைப் பற்றி யார் பேசினாலும் இந்த இரண்டு சொற்களில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. பேச்சுக்கலை, பெரும் பேச்சாளர் சிசெரோ, பளிங்குச் சிலை எல்லாம் அப்புறம் வரட்டும்.

பள்ளிக்கூடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் லூடுஸ். அதற்கு விளையாட்டு என்றும் பொருள். இதைச் சொல்லிவிட்டு ‘பாருங்கள், விளையாட்டையும் படிப்பையும் ஒன்றாகப் பார்த்த சமூகம்’ என்று உருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கிளாடியேட்டர்களைப் பழக்கிய கொட்டடிக்கும் லூடுஸ் என்றுதான் பெயர், அதை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் இந்தப் பள்ளிக்கெனத் தனிக் கட்டடம் கிடையாது. சந்தைச் சதுக்கத்தின் தூண் வரிசை, ஒரு கடையோரம், இப்படி எங்காவது நடக்கும். விடியும் முன்பே தொடங்கிவிடும். சேவல்கூட இன்னும் கூவவில்லை, அதற்குள் உன் கத்தலும் அடிச் சத்தமும் என்று பக்கத்தில் தூங்க முடியாமல் ஒரு வாத்தியாரைத் திட்டி மார்ஷியல் என்ற கவிஞர் எழுதியிருக்கிறார். எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பே நகரில் யூலியா ஃபெலிக்ஸ் என்ற பெண்ணின் வளாகத்தில் கிடைத்த சுவரோவியம் ஒன்று உண்டு. தூண் வரிசைக்குக் கீழே ஒரு பையனை இன்னொருவன் முதுகில் தூக்கிப் பிடித்திருக்க, வேறொருவன் காலைப் பிடித்துக்கொள்ள, பின்னாலிருந்து அடி விழுகிறது. பக்கத்தில் சில பிள்ளைகள் மடியில் பலகையை வைத்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். நான் அந்த ஓவியத்தில் அடி வாங்குகிறவனை விட அந்தக் குனிந்த தலைகளைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பேன்.

அடிக்கிற கோலுக்குப் பெயர் ஃபெரூலா. பெருஞ்சீரகக் குடும்பத்துச் செடி ஒன்றின் காய்ந்த தண்டு. அங்கதக் கவிஞர் ஜுவெனல் தானும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் என்று சொல்ல வரும் இடத்தில் ‘படித்தேன்’ என்று சொல்லவில்லை, நானும் ஃபெரூலாவுக்கு நீட்டிய கையை இழுத்துக்கொண்டவன்தான் என்கிறார். கேட்டவர்களுக்கு அதுவே போதும், புரிந்திருக்கும். ஹொராஸ் தன் வாத்தியார் ஓர்பீலியுஸைப் பற்றிச் சொல்லும்போதும் அடிக்கு ஒரு அடைமொழி கொடுத்து, ‘அடிகார ஓர்பீலியுஸ்’ என்றே பெயரை நிறுத்திவிட்டார். இந்த ஓர்பீலியுஸ் மீது எனக்குக் கோபம் மட்டும் என்று சொல்ல முடியவில்லை. பெனவெந்தும் ஊர்க்காரர், ஐம்பது வயதில், சிசெரோ கான்சலாக (ரோமின் உச்சப் பதவி அது) இருந்த கி.மு. 63-ல் ரோமுக்கு வந்து பள்ளி நடத்தியவர். புகழ் வந்தது, காசு வரவில்லை. கிழவனாகிவிட்ட பிறகு கூரை ஓட்டுக்கு அடியில் குடியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறார். பெற்றோரின் அலட்சியத்தாலும் பேராசையாலும் ஆசிரியர்கள் படும் பாட்டைப் பற்றி ஒரு நூலே எழுதினாராம்.

நாலு நூற்றாண்டு தாண்டியும் எதுவும் மாறவில்லை. இன்றைய அல்ஜீரியாவில் கி.பி. 354-ல் பிறந்த கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டின், சின்ன வயதில் பள்ளியில் அடி விழக்கூடாது என்று கடவுளிடம் உருகி வேண்டிக்கொண்டதையும், அதைப் பார்த்துப் பெரியவர்கள், பெற்ற தாய் தகப்பன் உட்பட, சிரித்ததையும் எழுதுகிறார். ஒன்றும் ஒன்றும் இரண்டு, இரண்டும் இரண்டும் நாலு என்ற ராகம் தனக்கு வெறுப்பான பாட்டாக இருந்தது என்கிறார். இதே அகஸ்டின் லத்தீனைச் செவிலியரின் கொஞ்சலிலும் விளையாட்டிலும் பயமில்லாமல் கற்றுக்கொண்டவர், அடியோடு சேர்த்துப் புகட்டிய கிரேக்கம்தான் அவருக்கு ஒட்டவேயில்லை.

சரி, யாருமே எதிர்க்கவில்லையா என்றால், எதிர்த்தார் ஒருவர். குயின்டிலியன். ஸ்பெயினில் பிறந்து ரோமில் பேச்சுக்கலை கற்பித்தவர், பேரரசர் வெஸ்பாசியன் அரசுக் கருவூலத்திலிருந்து வருடத்துக்கு 1,00,000 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) சம்பளம் கொடுத்துவைத்த ஆசிரியர். குழந்தைக்குத் தந்தத்தில் செய்த எழுத்துகளை விளையாடக் கொடுங்கள், படிப்பு அதற்கு விளையாட்டாக இருக்கட்டும், பாராட்டுங்கள், அது படிப்பை வெறுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்த மனிதர். பிள்ளைகளை அடிப்பதை வெளிப்படையாகக் கண்டித்திருக்கிறார். அந்தப் பகுதியை முதல்முறை மொழிபெயர்ப்பில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

அப்புறம் மூலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடிப்பது ஏன் கூடாது? முதல் காரணம், அது அசிங்கம், அடிமைத்தனமானது. செர்வீலே என்ற சொல் அங்கே நிற்கிறது. அடுத்த காரணம், கண்டித்தும் திருந்தாத அளவுக்குக் கீழ்த்தரமான மனசுள்ள பிள்ளை, மிக மோசமான அடிமைகளைப் போல, அடிக்கும் மரத்துப்போய்விடும். அவர் எழுதிய மூன்று காரணங்களில் முதல் இரண்டும் அடிமையின் முதுகில்தான் நிற்கின்றன! அந்தக் காலத்தின் ஆகக் கனிவான ஆசிரியர்கூட, ‘இந்தப் பிள்ளையை அடிக்காதே’ என்று சொல்ல, அடிக்கலாம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட இன்னொரு பிள்ளையைக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு இது தொண்டையில் சிக்கிய முள்ளாக இன்னும் நிற்கிறது. குயின்டிலியனை மட்டம் தட்ட இதைச் சொல்லவில்லை, அவரை நான் நேசிக்கிறேன். அவரைப் பாராட்டும் கட்டுரைகள் இந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்துப் போய்விடுவதுதான் என் வருத்தம்.

‘அந்தக் காலத்தை இந்தக் காலத்துத் தராசில் நிறுக்காதே’ என்று ஒரு நண்பர் சொன்னார். நான் என் தராசைக் கொண்டுபோகவே இல்லை. புவெர், லீபெரி, செர்வீலே எல்லாம் அவர்களுடைய எடைக்கற்கள்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்து, ஒழுங்காக நடக்கிறானா என்று கவனித்துக்கொண்டவர் பைடகோகுஸ். பி.எட். படிப்பவர்கள் ‘பெடகாகி’ என்று பரீட்சை எழுதுகிறார்களே, அந்தச் சொல்லின் தகப்பன். அவர் பெரும்பாலும் அடிமை, அதிலும் கிரேக்கம் பேசத் தெரிந்த அடிமை என்றால் மதிப்பு அதிகம். இலக்கண ஆசிரியர்களிலும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்கள் நிறைய. அப்படி ஒருவர்தான் வெரியுஸ் ஃபிளாக்குஸ். பிரம்பை நம்பாமல், மாணவர்களுக்குள் போட்டி வைத்து, ஜெயிப்பவருக்கு அழகான அல்லது அரிய பழைய புத்தகம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தவர். பேரரசர் அகஸ்டஸ் தன் பேரன்களுக்கு ஆசிரியராக அவரைத்தான் வரவழைத்தார். ஆனால் சாதாரண எழுத்து வாத்தியாருக்கு அந்த வாழ்வு வாய்க்கவில்லை. வாத்தியாரைக் குறிக்கும் மகிஸ்தெர் என்ற சொல் ‘அதிகம்’ என்று பொருள்படும் மகிஸ் என்பதிலிருந்து வந்தது, மேலானவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கி.பி. 301-ல் பேரரசர் டயோக்ளீஷியன் போட்ட விலைவாசி ஆணையில் அந்த வாத்தியாருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 50 தெனாரியஸ் நாணயம்தான் உச்ச வரம்பு, பண்ணைக்கூலிக்கு ஒரு நாளைக்குச் சாப்பாடு போட்டு 25. பதினைந்து பிள்ளைகள் சேர்ந்தால்தான் ஒரு கூலியாளின் மாத வருமானத்தை எட்டிப்பிடிக்க முடியும்.

ரோமானியர் காலத்துப் பாடப்புத்தகம் ஒன்று கைமாறிக் கைமாறி நமக்குக் கிடைத்திருக்கிறது, ஒரு பக்கம் கிரேக்கம், ஒரு பக்கம் லத்தீன். அதில் ஒரு குழந்தை தன் காலைப்பொழுதைச் சொல்கிறது. எழுந்தேன், செருப்புக் கேட்டேன், முகம் கழுவினேன், அப்பா அம்மாவுக்கு வணக்கம் சொன்னேன். எழுத்தாணியையும் ஏட்டையும் தேடி எடுத்து என் புவெரிடம் கொடுத்தேன். படிக்கும்போது ரொம்ப அழகாக இருக்கும், இந்த இடம் வரும் வரை.

அந்த ஏட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவன் என்ன ஆனான்? ஒருவனைப் பற்றி மட்டும் தெரியும். ரெம்மியுஸ் பலைமோன், இத்தாலியில் இன்றைய விசென்சா ஊர். ஒரு பெண்ணின் வீட்டில் அடிமையாகப் பிறந்தவன், முதலில் நெசவு கற்றான், அப்புறம் எஜமானி மகனோடு பள்ளிக்குத் துணை போய் வந்ததில் எழுத்துக் கற்றுக்கொண்டான் என்று வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் போகிற போக்கில் எழுதுகிறார். விடுதலை கிடைத்து, ரோமிலேயே முன்வரிசை இலக்கண ஆசிரியராகி, பள்ளியிலிருந்து மட்டும் வருடத்துக்கு 4,00,000 செஸ்டர்ஸ் சம்பாதித்தார். நல்ல மனிதர் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளை அவரிடம் மட்டும் விடாதீர்கள் என்று பேரரசர்கள் டைபீரியஸும் கிளாடியஸும் எச்சரித்தார்கள், ஆனாலும் கூட்டம் குறையவில்லை. அவர் எழுதிய இலக்கண நூலை எடுத்துவைத்துப் புரட்டிப் புரட்டிப் படிக்கும் பெண்ணைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது என்று ஜுவெனல் எழுதுகிறார். அந்த வரியிலிருந்துதான் எனக்குத் தெரிகிறது, பெண்கள் அதைப் படித்திருக்கிறார்கள்.